ஒரு வீட்டுக்கு ஒரு பேர்

பிள்ளைகளே,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டைக் கவனிப்பதில்லை. வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்று சந்தேகம் வந்த இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்றைக் கிறுக்கிவிட்டுப் போயிருப்பேன். இதைத் தட்டச்சில் ஏற்றும் பிள்ளை நான் எழுத நினைத்ததை எழுதிவிடட்டும்.

நான் வேலையை விட்டு நின்ற பிரியாவிடை அன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்றேன், உங்கள் முகங்களைப் பார்த்தேன், ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினீர்கள். அந்தக் கடனை இந்தத் தாளில் தீர்க்கிறேன்.

நான் உங்களைப்போல் புரோகிராம் எழுதியவன் இல்லை. ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவன், கணினிப் பெட்டிகளைத் துடைக்க வந்து, பிறகு திறக்கப் பழகி, கடைசியில் நீங்கள் எழுதுவதை முதல் ஆளாக ஓட்டிப் பார்க்கிறவன் ஆனேன். “அண்ணனுக்கு விளங்கினா ஊருக்கே விளங்கும்” என்று என்னிடம் கொண்டுவருவீர்கள். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் தேநீர் நேரத்தில் உங்களில் இரண்டு பேர் சண்டை பிடித்தது நினைவிருக்கும்.

“மெமரி இப்ப சீப் மச்சான். என்ட நேரம்தான் சீப் இல்ல.”

“உன்ட நேரத்தை மிச்சம் பிடிக்க ஊருல உள்ளவன்ட ஃபோன் எல்லாம் சூடாகுது.”

“பழைய ஃபோன் வச்சிருந்தா மாத்தச் சொல்லு.”

“நீ வாங்கிக் குடு.”

பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, “அண்ணன், நீங்க சொல்லுங்க” என்றீர்கள். நான் “தேத்தண்ணி ஆறுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் அது ஒரு வரியில் முடியாது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வரி எனக்கு வராது.

அது இதுதான்.

சுனாமியாகக் கடல் வந்து போனதற்குப் பிறகு, வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று நாவற்குடாவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கந்தோர் திறந்தது. களுதாவளைக்கு அங்காலே கரையோரமாக இருந்த ஒரு கிராமம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வீடெல்லாம் போய், கிணறும் தென்னையும் மட்டும் நின்ற கிராமம். கந்தோருக்கு இரண்டு கணினிகள் வந்தன. எங்கோ ஒரு நாட்டில் கழித்துவிட்டதை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். ஒன்றைக் கணக்குப் பகுதி எடுத்துக்கொண்டது. மற்றதுதான் வீட்டுத் திட்டத்துக்கு. அதன் மெமரி இன்றைக்கு உங்கள் கைக்கடிகாரத்தில் இருப்பதைவிடக் குறைவு. என் வேலை அதன் உள்ளே சேரும் உப்புத்தூசியைத் துடைப்பதும், மின்சாரம் போய் வந்தால் அதைத் திரும்ப எழுப்புவதும்.

கொழும்பிலிருந்து ஒரு புரோகிராம் செய்து அனுப்பினார்கள். அழகானது. திறந்தால் முதலில் ஒரு சூரியன் உதிக்கும். பிறகு ஒவ்வொரு குடும்பத்தின் படமும், வீட்டின் படமும், எல்லா விவரமும் ஒரே பக்கத்தில் வரும். கொழும்பில் வந்தது. நாவற்குடாவில் சூரியன் பாதி உதித்த இடத்தில் நின்றுவிடும். வீட்டுத் திட்டத்தின் பொறுப்பாளர் வந்து எட்டிப் பார்த்து, “இன்னும் விடியேல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போவார். விவரங்களைத் தட்டச்சு செய்த இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு குடும்பத்தைப் பதிந்துவிட்டு, அடுத்த குடும்பத்துக்குப் போவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடுவார்கள். எப்படியோ எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி முடித்தார்கள். ஏற்றியதைத் தேடி எடுக்கத்தான் முடியவில்லை.

அப்போதுதான் புரோகிராமைத் திருத்த எங்கள் சேர் வந்தார். அவருடைய பெயரை எழுதக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் எனக்கு அவர் சேர், அவருக்கு நான் அண்ணன். மெலிந்த மனிதர். அவர் எழுதுகிற புரோகிராமும் அவரைப்போலவே இருக்கும். கொழும்புப் புரோகிராமை ஒரு காலைநேரம் முழுவதும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“அண்ணன், இது கலியாண வீட்டுக்குப் போற மாதிரி உடுத்துக்கொண்டு வயலுக்கு வந்திருக்கு.”

சூரியனை எடுத்தார். படங்களை எடுத்தார். நிறங்களை எடுத்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். அதன் பிறகும் மெமரிக்கு அதிகம் என்று விவரங்களையும் குறைத்தார். கடைசியில் வீட்டு இலக்கம், ஒரு பெயர், அடையாள அட்டை இலக்கம் என்ற அளவில் வந்து நின்றது. ஒரு வீட்டுக்கு ஒரு பேர். மொத்தக் கிராமமும் மெமரிக்குள் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டது. இலக்கத்தைத் தட்டி விரலை எடுப்பதற்குள் பெயர் வந்து நிற்கும்.

எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். பொறுப்பாளர் பக்கத்துக் கந்தோர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். “இலக்கம் சொல்லுங்க, எந்த இலக்கமும் சொல்லுங்க” என்பார். அவர்கள் சொல்வார்கள். பெயர் பாயும். சேர் வாசலில் நின்று பீடி பற்றவைத்தபடி ஒன்றும் தெரியாதவர்போலப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அன்று அவருடைய மெமரிச் சிக்கனத்தை என்னுடைய சொத்துப்போல வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி, “சரி, அரிசியையும் அப்பிடிச் சிக்கனம் பிடிக்கிற புரோகிராம் இருக்கா?” என்று கேட்டாள்.

வீடுகள் எழும்பின. கையளிப்பு விழாவுக்கு நாள் வைத்தார்கள். அந்தப் புரோகிராமிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பத்திரம் அச்சிடுவது, அதில் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடு. மாதிரிக்கு அச்சிட்ட பத்திரங்களைச் சரிபார்க்கக் கிராமத்துக்கு அனுப்பினோம். ஒருவரும் குறை சொல்லி வரவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காலை வரைக்கும்.

அன்று காலை வள்ளியம்மை அக்கா கந்தோருக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் அவருடைய கணவர் தங்கராசா அண்ணன், தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு. மாதிரிப் பத்திரத்தை வள்ளியம்மை அக்கா மேசையில் வைத்தார்.

“இதில ஆர்ட பேர் கிடக்கு, வாசிங்க தம்பி.”

சேர் வாசித்தார். “தங்கராசா.”

“அவர் ஆரு?”

“உங்கட புருஷன்தானே அக்கா. பின்னால நிக்கிறார்.”

“ஓம், அது எனக்கும் தெரியும். அவருக்கு எங்கால வீடு? அவர் கலியாணம் முடிச்சு என்ட வீட்டுக்கு வந்த மனிசன். வளவு என்ட அம்மா எனக்குத் தந்தது. நான் என்ட மகளுக்குக் குடுக்கப் போறன். நடுவில இவர் எப்பிடி வந்தார்?”

தங்கராசா அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “நான் கேக்கேல்ல தம்பி. சத்தியமா நான் கேக்கேல்ல. சந்தியில பொடியனுகள் ‘வீட்டுக்காரர் வாறார், வழி விடுங்க’ எண்டு கத்துறானுகள். வெளிய தலை காட்டேலாம கிடக்கு.”

பொறுப்பாளரே சிரித்துவிட்டார். வள்ளியம்மை அக்கா சிரிக்கவில்லை. மகள் சுகந்திக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூர். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதவேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போயிருக்கிறார். காணி தாயின் பேரிலும் வீடு தகப்பன் பேரிலும் கிடந்தால் தன்னால் எழுத முடியாது என்று நொத்தாரிசு திருப்பி அனுப்பிவிட்டார்.

“அதுக்கென்ன அக்கா, அடுத்த மாதம் திருத்தி எடுக்கலாம்” என்றார் பொறுப்பாளர்.

“அடுத்த மாதம் பாதை ஓடுமா?”

மண்டூருக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். சண்டை திரும்பத் தொடங்கிய காலம் அது. இரண்டு கரையிலும் சோதனை. இன்றைக்கு ஓடும் பாதை நாளைக்கு ஓடும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மாமன் மறுநாள் விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்திரத்தில் பேர் சரியென்றால் அந்தக் கிழமையே கலியாணம். சரியில்லை என்றால் அவர் அன்றைக்கே அந்தக் கரைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு யார் எந்தக் கரையில் இருப்பார்கள் என்பது தெரியாது.

வள்ளியம்மை அக்கா கணினியைக் காட்டினார். “இதுக்குள்ள என்ட பேர் இல்லையா தம்பி?”

சேர் உண்மையைச் சொன்னார். “இருந்தது அக்கா. இடம் காணாது எண்டு எடுத்திட்டன்.”

“இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள என்ட ஒரு பேருக்கு இடம் இல்லையாம். கேட்டீங்களா?” என்று கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் வெளியே போய் வேப்பமரத்தின் கீழே உட்கார்ந்தார். போகவில்லை. உட்கார்ந்தார்.

நீங்கள் கேட்பீர்கள், இது எப்படி ஒருவருக்கும் தெரியாமல் போனது என்று. நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். பதில் வெட்கமானது. இங்கே வீடு பெண்ணுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியாள் வந்து “குடும்பத் தலைவர் யார்?” என்று கேட்டால், எந்தப் பெண்ணும் மரியாதைக்குப் புருஷனின் பெயரைத்தான் சொல்லுவாள். நாங்களும் திரையில் ‘தங்கராசா’ என்று வந்தால் மனதுக்குள் வள்ளியம்மை அக்கா வீடு என்றே வாசித்தோம். எங்களுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால்தான் எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். சேர் இருந்தது அவருடைய மனைவியின் வீட்டில். நான் இருப்பது என் மனைவியின் வீட்டில். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் பெயரையும் எடுத்துவிட்டுக் கைதட்டு வாங்கியிருந்தோம்.

நான் ஒரு சுருக்குவழி சொன்னேன். “சேர், அவட பேரை மட்டும் தங்கராசா அண்ணன்ட இடத்தில போட்டுட்டா என்ன?”

சேரின் கை விசைப்பலகைக்குப் போனது. பிறகு எடுத்துவிட்டார்.

“வந்து சத்தம் போட்டவவுக்குச் சரி. சத்தம் போடாத ஆக்கள் எத்தனை பேர் அண்ணன்?”

கிராமத்தில் எடுத்த விவரத் தாள்களை நாங்கள் இரண்டு பேரும் பிரித்துப் பார்த்தோம். அதில் காணிக்காரர் யார் என்று தனியாகக் கேட்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பெண்ணின் பெயர். ஆண் பெயர் வந்த தாள்களை ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம். கொழும்புப் புரோகிராம் அந்தப் பெயர்களையெல்லாம் வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தது. அதற்கு மரியாதை சொல்லத்தான் வேண்டும். எங்கள் புரோகிராம்தான் அவற்றைப் படிக்காமல் விட்டிருந்தது.

குடும்பத் தலைவரின் பெயரை எடுத்துவிட்டால் மேலிடத்தில் பத்திரத்தை ஏற்கமாட்டார்கள். ஆகவே இரண்டு பெயரும் வேண்டும். சேர் இரண்டாவது பெயரைச் சேர்த்து ஓட்டினார். பாதிக் கிராமம் ஏறியதும் கணினி நின்றது. பெயரைச் சுருக்கி ஓட்டினார். நின்றது. நான் பெட்டியைத் திறந்து, கணக்குப் பகுதிக் கணினியின் மெமரியைக் கழற்றி இதில் பொருத்தப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு வகை. பொருந்தவில்லை. கணக்குப் பகுதிக்காரர் என்னைத் திட்டியது மட்டும்தான் மிச்சம். கையால் பெயர் எழுதலாமா என்று கேட்டோம். பொறுப்பாளர் தலையாட்டவில்லை. கையால் திருத்திய பத்திரத்தில் வருகிற பெரியவர் கையெழுத்திடமாட்டார், நொத்தாரிசும் நம்பமாட்டார்.

சேர் கதிரையைப் பின்னால் தள்ளினார். ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. வள்ளியம்மை அக்கா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். தங்கராசா அண்ணன் அவருக்கு எங்கிருந்தோ ஒரு சோடாப் போத்தல் வாங்கிவந்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

அப்போது சேர் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்.

“அண்ணன், நான் இவ்வளவு நாளும் கம்பியூட்டருக்குப் பாவம் பார்த்தன் எண்டு நினைச்சன். இல்ல. எனக்குத்தான் பாவம் பார்த்திருக்கன்.”

“விளங்கல்ல சேர்.”

“முழு ஊரையும் ஒரேயடியா மெமரிக்குள்ள எடுத்தா எனக்கு எழுதுறது லேசு. ஒவ்வொரு வீடா டிஸ்க்கில தேடிப்போய் எடுத்து, அச்சடிச்சு, வைச்சுட்டு, அடுத்த வீட்டுக்குப் போற மாதிரி எழுதலாம். அதுக்கு மெமரியே தேவையில்ல. ஆனா எழுதுறது கரைச்சல். ஓடுறதும் சுணங்கும். அந்தக் கரைச்சல் வேணாம் எண்டுதான் பேரை வெட்டினன். வெட்டிப்போட்டு அதுக்குச் சிக்கனம் எண்டு பேர் வைச்சன்.”

கொழும்புக்காரர் தன் வசதிக்கு எல்லாவற்றையும் மெமரியில் நிரப்பினார். எங்கள் சேர் தன் வசதிக்கு எல்லாவற்றையும் மெமரிக்கு அளவாக வெட்டினார். ஒருவர் ஊதாரி, ஒருவர் கஞ்சன் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே கதிரையில்தான் இருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு சேர் பகல் முழுவதும் எழுதினார். நான் அவருக்குச் செய்தது, மின்சாரம் போகும் நேரம் பார்த்துக் நாங்கள் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் கடைக்காரர் ஒருவரிடமிருந்து ஜெனரேட்டர் இரவல் வாங்கிவந்ததுதான். “சத்தம் பெரிசா இருக்கும், கரண்ட் சின்னனா இருக்கும், மனசில வைச்சுக்கங்க” என்று சொல்லித்தான் தந்தார். பின்னேரம் சேர் முதல் வீட்டை ஓட்டிப் பார்த்தார். டிஸ்க் கறகறவென்று அரைத்தது. கணினி நின்றுவிட்டது என்றே நினைத்தோம். பிறகு, விருப்பமில்லாமல் கதவு திறக்கிறவர்போல, பிரிண்டர் ஒரு தாளை வெளியே தள்ளியது. இரண்டு பெயரும் இருந்தன.

நான் வெளியே போய் வள்ளியம்மை அக்காவிடம் சொன்னேன். “இடம் வந்திட்டுது அக்கா. நாளைக்கு வாங்க.”

“ஏன், இப்ப என்டதை அடிச்சுத் தரேலாதா?”

“ஏலும். ஒரு நிமிஷம் நில்லுங்க.”

எழுந்தவர் யோசித்தார். “வேணாம். எல்லாருக்கும் வரக்குள்ள எனக்கும் வரட்டும். மறுகா எனக்கு மட்டும் தனிய அடிச்சுத் தந்தது எண்டு ஊர் கதைக்கும்.” கணவர் கையிலிருந்த சோடாவை அப்போதுதான் வாங்கிக் குடித்தார்.

விழா அன்று காலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிராமத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனோம். கந்தோரில் முடிந்த வரைக்கும் அச்சிட்டிருந்தோம். பாதிக்குமேல் மிச்சம். மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் கணினி, பிரிண்டர், வெளியே நானாவின் ஜெனரேட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு தாள் வருவதற்குள் ஒருவர் கதை முழுவதும் சொல்லி முடித்துவிடலாம். கடற்காற்றில் தாள் ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியது. நான் ஒவ்வொரு கட்டாக எடுத்து விசிறி, உதறி, பிரிண்டருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பொறுப்பாளர் வழக்கமாக விழா மேடைகளில் பேச்சாளர்களுக்குப் பின்னால் நின்று கையைச் சுழற்றி ‘முடியுங்கள், முடியுங்கள்’ என்பார். அன்று ஒவ்வொருவரிடமும் போய், “விரிவாப் பேசுங்க ஐயா, சனம் கேக்க ஆசையா இருக்கு” என்றார். வாழ்நாளில் ஒருவரும் தங்களிடம் இப்படிக் கேட்டிராதவர்கள் அவர்கள். நன்றாக விரித்தார்கள். ஒருவர் கடலின் தோற்றத்திலிருந்தே தொடங்கினார். பின்வரிசையில் ஒரு கிழவர், “கடல் வந்ததைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இன்னொருக்கா வந்திடும்” என்றார். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. அந்த ஊர் கடலைச் சொல்லிச் சிரித்ததை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை. மணிக்கூட்டைப் பார்ப்பார், வாவிப் பக்கம் பார்ப்பார். பின்னேரத்துக்குப் பிறகு பாதை ஓடாது. வள்ளியம்மை அக்காவின் வீடு இலக்க வரிசையில் கடைசிப் பக்கம். நான் வகுப்பறை ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது மாமன் எழுந்து நின்றிருந்தார். தங்கராசா அண்ணன் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஊரில் வாய் திறக்காத மனிதர் என்று பேரெடுத்தவர்.

“சேர், அவர் போகப்போறார்” என்றேன்.

சேர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “வேகமா ஓடச் சொல்லி இதுக்கு நான் பழக்கேல்ல அண்ணன். சரியா ஓடத்தான் பழக்கியிருக்கன். நீங்க தாளை மட்டும் ஒட்ட விடாதீங்க.”

நான் ஒட்ட விடவில்லை.

வள்ளியம்மை அக்காவின் இலக்கத்தைக் கூப்பிட்டபோது தாள் இன்னும் சூடாக இருந்தது. பெரியவர் கையெழுத்திட்டுக் கொடுத்ததை அவர் படித்துப் பார்க்கவில்லை. நேரே கொண்டுபோய் மாமனிடம் நீட்டினார். மாமன் கண்ணாடியைப் போட்டு, சத்தமாக, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார். “காணி, வீடு உரிமையாளர், வள்ளியம்மை. குடும்பத் தலைவர், தங்கராசா.” இரண்டாவது தடவையும் வாசித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி கா. வெள்ளிக்கிழமை நல்ல நாள் எண்டு நினைக்கிறன். பொடியனை வியாழனே கூட்டியாறன்.” பிறகு தங்கராசா அண்ணனிடம், “மச்சான், இப்பவாவது குடையத் தாங்க” என்றார். கொடுத்ததும் பாதையைப் பிடிக்க ஓடினார்.

வெள்ளிக்கிழமை கலியாணம் நடந்தது. சேரும் நானும் போனோம். புது வீட்டில் சுண்ணாம்பு காயவில்லை. சாய்ந்தவர்கள் முதுகெல்லாம் வெள்ளை.

இவ்வளவுதான் கதை. இதற்குப் பிறகு சண்டை முடிந்தது, தெரு திறந்தது, கொழும்பிலிருந்து மெமரி சாக்கில் அள்ளுகிற மாதிரி வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் திரும்பிவந்த ஆட்களுக்கு வீடு கட்டியபோது புதுக் கணினி, புதுப் புரோகிராம். சூரியன் முழுதாக உதித்தது. ஓட்டிப் பார்க்க என்னிடம் தந்தார்கள். பெயருக்கு விட்டிருந்த இடம் ஒன்றே ஒன்று. மெமரி இல்லாத காலத்துப் பழக்கம் மெமரி வந்த பிறகும் போகவில்லை. அதைப் பற்றிக் கூடிய கூட்டத்தில் நான் கை உயர்த்தினேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன், உட்கார்ந்தேன். இரண்டாவது பெயருக்கு இடம் வைத்தார்கள். என் தொழில் வாழ்க்கையில் கூட்டத்தில் நான் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஆகவே நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கள் நேரமும் நேரம்தான். லேசாக எழுதி நேரத்துக்கு முடித்த புரோகிராம் எத்தனையோ பேருக்கு நல்லது செய்திருக்கிறது. அதையும் பார்த்திருக்கிறேன். மெமரியைத் தாராளமாக எடுங்கள், சிக்கனமாக எடுங்கள், அது அந்தந்த நாளைப் பொறுத்தது. ஆனால் எதையாவது சேர்க்கும்போதும் வெட்டும்போதும், இது யாருக்கு லேசு என்று உங்களிடமே ஒரு தடவை கேளுங்கள். பதில் ‘எனக்கு’ என்று வந்தால் தப்பில்லை. அதைச் சொல்லிக்கொண்டு செய்யுங்கள். வேறு பேர் வைக்காதீர்கள். பிறகு, ஜன்னலால் ஒரு தடவை வெளியே பாருங்கள், மரத்தின் கீழே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று.

சுகந்தியின் கலியாணத்துக்குப் பிறகு பாதை ஓடியது கொஞ்ச நாள்தான். பிறகு நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்குத் திரும்பிப் போக வழியில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. எங்கள் ஆண்களைப்போல அவரும் மனைவி வீட்டில்தான் இருந்தார். அவருடைய தாய்தான், சோதனைக்குப் பயந்து கலியாணத்துக்கும் வராமல், அந்தக் கரையில் அகப்பட்டு, இடம் இடமாக அலைந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் பாதையில் ஏறி இந்தக் கரைக்கு வந்தார். பேரப்பிள்ளை பிறந்ததுகூட அவருக்குக் காதில் விழுந்த செய்திதான். கையில் ஒரு பையோடு சந்தியில் இறங்கி, அங்கே நின்ற ஒருவரிடம் வழி கேட்டிருக்கிறார்.

“தம்பி, இஞ்ச தங்கராசாட வீடு எது?”

அந்த ஆள் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாராம்:

“தங்கராசாக்கு வீடு இல்ல கா. நான்தான் தங்கராசா. வாங்க, வள்ளியம்மைட வீட்ட போவம். பிள்ளை இப்பதான் நித்திரையால ஒழும்பினவன்.”

நாவற்குடா,
வைகாசி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.